நான்கு எஞ்சின் சத்தம்

“டாக்டர் கேட்டா எல்லாத்தையும் நானே சொல்லிக்கிறேன். நீங்க நடுவுல எதுவும் பேச வேணாம்” என்று சொர்ணம் வரும் வழியிலேயே சொல்லிவிட்டாள். உலகநாதன் பேச ஆரம்பித்தால் பேச்சு எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போகும், டாக்டருக்கு அவ்வளவு நேரம் இருக்காது, அவள் நினைத்தது அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்டதும் அவன் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது, பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்று கேள்விப்பட்ட மாதிரி. அந்தத் தளர்ச்சியை அவன் உடனே அடையாளம் கண்டுகொண்டு கூசிப்போனான். இப்போது புரசைவாக்கத்து மாடிக் கிளினிக்கில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் மாமனார் வயிரவன், அந்தப் பக்கம் சொர்ணம், இந்தப் பக்கம் அவன். மாமனாரின் இடது கை மகளின் மடியில் இருந்தது. வலது கை அவன் பக்கம், நாற்காலிப் பிடியின் மேல், விரல்கள் தனியாக எதையோ எண்ணுவது போல் அசைந்துகொண்டிருந்தன. பிடித்துக்கொள்ளலாம். பிடித்துக்கொண்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நல்ல மாப்பிள்ளை என்றுகூட நினைப்பார்கள், அதனால்தான் பிடிக்க முடியவில்லை. வரவேற்பு மேஜைப் பெண் ஒரு பெயரைக் கூப்பிட்டாள், அவர்கள் பெயர் இல்லை. அவன் மூச்சு விட்டான். அந்த மூச்சுக்கும் கூசினான்.

தலைக்கு மேல் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கம்ப்ரஸர் வெளியே சுவரில் எங்கோ தளர்ந்த ஸ்குருவோடு அதிர்ந்தது, சீராக இல்லை, நாலு துடிப்புக்கு ஒரு முறை பல்லைக் கடித்தது. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் காதுதான் உள்ளே போகும் அவனுக்கு. டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்த காலம் முழுவதும், ரிசீவரைக் காதில் வைத்தால் போதும், மழைத் தண்ணீர் கேபிளுக்குள் இறங்கியிருக்கிறதா, எங்காவது கம்பி உரசுகிறதா என்று சொல்லிவிடுவான், சக ஊழியர்கள் ஆச்சரியப்படுவார்கள். ஆனால் அந்தக் காது அதற்கும் முன்னால் பழகியது. பெங்களூரில் சித்தப்பா விமானத் தொழிற்சாலையில் இருந்தார். ஒரு கோடை விடுமுறையில் அவர் வீட்டு மொட்டை மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தபோது தொழிற்சாலை பக்கத்திலிருந்து அது எழும்பி வந்தது. முதலில் வந்தது பார்வைக்கு இல்லை, வயிற்றுக்கு. தொப்புளுக்குப் பின்னால் ஒரு உறுமல். அப்புறம்தான் மரங்களுக்கு மேல் அகலமான ஒல்லிச் சிறகு, நாலு எஞ்சின், பின்னால் இரண்டு வட்டமான வால்கள். சித்தப்பா கீழேயிருந்து கத்தினார், “லிபரேட்டர்டா, அமெரிக்கா யுத்தத்துல பண்ணினது, நல்லாப் பாத்துக்க, இன்னும் கொஞ்ச நாள்தான் பறக்கும்!” அவன் நன்றாகப் பார்த்துக்கொண்டான். அதற்கப்புறம் வந்த எல்லாப் பார்வையும் அந்தப் பார்வையின் மிச்சம்தான் என்று அவனுக்குச் சில சமயம் தோன்றும். கல்யாணத்தன்று சொர்ணத்தை முதன்முதலில் நிமிர்ந்து பார்த்தது உட்பட. இதை அவளிடம் சொன்னதில்லை. சொல்லாத விஷயங்களில் அது சின்னது.

டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரே கூரையின் கீழ் ஒரு தொழிற்சாலை, உச்சகட்டத்தில் மணிக்கு ஒரு லிபரேட்டர் வெளியே வந்தது என்பான், கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். அமெரிக்கா வேறெந்தப் போர் விமானத்தையும் இத்தனை எண்ணிக்கையில் செய்யவில்லை என்பான். யுத்தம் முடிந்ததும் கான்பூரில் கொண்டுவந்து நிறுத்தி, யாரும் பறக்கவிடக் கூடாது என்று வெள்ளைக்காரர்கள் அவற்றை இடித்து நசுக்கி, எஞ்சினுக்குள் மணலைக் கொட்டிவிட்டுப் போனதையும், நம் ஆட்கள் அந்தக் குப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டி நிமிர்த்தி பெங்களூருக்குப் பறக்கவிட்டதையும், அவன் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான். சொல்லும்போது குரல் தழுதழுக்கும். கொல்லப்பட்ட ஒன்று எழுந்து வந்த கதை அல்லவா. ஆனால் அந்த விமானங்கள் கான்பூருக்கு எங்கிருந்து வந்தன என்ற இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவான், அப்போதெல்லாம் தாண்டுகிறோம் என்று தெரியாமலேயே. கிழக்கிலிருந்து வந்தன. வங்காளத்து ஓடுதளங்களிலிருந்து கிளம்பி பர்மாவில் குண்டு போட்டுவிட்டு வந்தவை. ரங்கூன் துறைமுகம், ரயில் யார்டு, பாலங்கள். மொட்டை மாடியில் அவன் வயிற்றை உறும வைத்த அதே சிறகு, அதே நாலு எஞ்சின், அதற்கு இருபது இருபத்திரண்டு வருஷம் முன்னால் அங்கே ரங்கூனில் இருந்த வயிரவன் என்ற எட்டு வயதுப் பையனின் தலைக்கு மேல் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். போயிருக்கலாம். இந்த இடத்துக்கு வந்ததும் அவன் மனசு கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி நின்று நின்று அதையே சொல்லும், கடந்த சில வாரங்களாக.

“அப்பாங்களா?” என்று எதிர் நாற்காலி அம்மாள் சொர்ணத்திடம் கேட்டாள். தன் கணவரைக் கூட்டி வந்திருந்தாள், அவர் மீன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க.”

“எவ்வளவு நாளா?”

“மறதி ரெண்டு வருஷமா இருக்குங்க. அது பரவால்ல. பேரை மாத்திச் சொல்லுவாரு, சாப்பிட்டதை மறந்துருவாரு. சமாளிச்சுக்கிட்டோம். இப்பத்தான், ஆடி மாசத்துலருந்து, திடீர்னு பயம். மிக்ஸி போட முடியல. தண்ணி மோட்டார் போட முடியல. கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கறாரு. வெளிய வர மாட்டேங்கறாரு.”

“எதுனாச்சும் பாத்துப் பயந்துட்டாரா?”

“ஒண்ணும் இல்லைங்க. வீட்ல சத்தமே கிடையாது. நாங்க ரெண்டு பேருதான். இவரும் எப்பவும் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்துருப்பாரு.”

இவரும் என்று சொல்லும்போது மாமனாருக்கு மேலாக அவனைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள். தூக்கமில்லாத கண்ணோடு ஒரு சிரிப்பு. அந்த அம்மாளும் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தான். தன் முகத்தில் அந்தச் சிரிப்பு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அவனுக்கே தெரிந்தது, ஒட்டாத இடத்தில் ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி.

முதல் தடவை தெரியாமல் நடந்தது. அதை அவன் யார் முன்னாலும் சத்தியம் பண்ணுவான். பையன் புனேயிலிருந்து வந்தபோது ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்து ஹாலில் வைத்துவிட்டுப் போனான், வயரே இல்லாதது. உலகநாதன் பின்னறையில் வழக்கம் போல் உட்கார்ந்து, பிளாஸ்டிக் லிபரேட்டரின் வாலுக்குப் பச்சை வர்ணம் தீட்டிக்கொண்டே, கம்ப்யூட்டரில் அந்த வீடியோவைப் போட்டான். அமெரிக்காவில் பறக்கிற நிலையில் மிச்சமிருக்கிற ஒன்றிரண்டில் ஒன்று, ஏதோ கண்காட்சியில் தாழ்வாகப் பறந்து போவது. ஹெட்போனில் சத்தம் வரவில்லை. பட்டனைத் தட்டிப் பார்த்தான், ஒலியைக் கூட்டினான், இன்னும் கூட்டினான், அது ஹாலில் இருந்த ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் ஹெட்போனைக் கழற்றினபோது வீடு முழுவதும் உறுமிக்கொண்டிருந்தது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஆகா என்று அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம்தான் நிறுத்தினான். சமையலறையிலிருந்து சொர்ணம் “என்னங்க அது, லாரி வந்து நின்ன மாதிரி” என்றாள். ஒண்ணுமில்லை என்றான். ஹாலில் ஈஸிசேர் காலியாக இருந்தது. மாமனாரைத் தேடினார்கள். கட்டிலுக்கு அடியில், சுவரோடு சுவராக, முழங்காலைக் கட்டிக்கொண்டு, வேட்டி நனைந்து. எத்தனை கூப்பிட்டும் வரவில்லை. சொர்ணம் தரையில் படுத்துக் கையை நீட்டி, குழந்தையிடம் பேசுவது போல் பேசி, வெளியே எடுக்க வெகுநேரம் ஆயிற்று. “திடீர்னு என்னாச்சு இவருக்கு?” என்று அவனைக் கேட்டாள். அப்போதே சொல்லியிருந்தால் அது ஒரு விபத்து. ஸ்பீக்கர் மாறிப்போச்சு, அவ்வளவுதான். அவளும் ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டு அதோடு விட்டிருப்பாள். ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்தால் பதில் கிடைக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. வெட்கத்தால் இல்லை. சொல்லிவிட்டால் அப்புறம் திரும்பச் செய்ய முடியாது என்பதால். வேட்டியை மாற்ற உதவிக்கொண்டு நின்றபோதே, மனசின் ஒரு மூலை, அந்தக் காது, யோசிக்க ஆரம்பித்துவிட்டது. சத்தத்துக்குப் பயந்தாரா, அந்தச் சத்தத்துக்கா?

ஏசியின் ஸ்குரு பல்லைக் கடித்தது. மாமனார் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். சொர்ணம் உடனே அவர் கையை அழுத்தி, “ஏசிப்பா, ஏசி” என்றாள். அவர் சரி என்பது போல் தலையசைத்தார், ஆனால் கழுத்து நரம்பு இறங்கவில்லை. உலகநாதன் பார்வையை மீன் தொட்டிக்குக் கொண்டுபோனான். ஒரு ஆரஞ்சு மீன் கண்ணாடியில் வாயை வைத்து வைத்து எடுத்தது.

இரண்டாவது தடவை. அடுத்த வாரம், சொர்ணம் பள்ளிக்கூடம் போன பிறகு. அவள் தலைமை ஆசிரியை ஆகப்போகிற நேரம், லீவு போட முடியாது, அப்பாவை நீங்க பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பார்த்துக்கொண்டான். மாமனாரை ஈஸிசேரில் உட்கார வைத்து, கையில் முறுக்குக் கிண்ணத்தைக் கொடுத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதலில் டகோட்டா விமானத்தின் சத்தத்தைப் போட்டான். இரண்டு எஞ்சின் டகோட்டா, ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போகிற சாது. கிழவர் காலை ஆட்டிக்கொண்டே முறுக்கைக் கடித்தார். அடுத்து ஃப்ளையிங் ஃபோர்ட்ரஸ். அதுவும் நாலு எஞ்சின், அதுவும் குண்டு போட்டதுதான், ஆனால் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த பிறகு அந்தப் பக்கம் அதிகம் வராதது. அவர் ஒரு முறை தலையைத் தூக்கினார், ஜன்னலைப் பார்த்தார், திரும்ப முறுக்கு. அப்புறம் லிபரேட்டர். மெல்லத்தான் வைத்தான். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. அவர் முகத்தில் எழுபத்தைந்து வருஷமும் ஒரே வீச்சில் கழன்று விழுந்ததை அவன் பார்த்தான். அந்த நேரத்தில் அவன் மனசில் இருந்தது என்ன? இரக்கமா? இல்லை. ‘கரெக்ட்’ என்ற ஒரு சொல். கரெக்ட்! முதுகுத்தண்டில் ஒரு சிலிர்ப்பு, கேபிளில் சரியான பழுதைக் கண்டுபிடித்தபோது வருமே, அது. கிண்ணம் விழுந்து முறுக்கு சிதறியது. அவர் எழுந்தார், அந்த வயதில் அவ்வளவு வேகமாக எழ முடியும் என்று அவன் நினைக்கவில்லை, ஓடப்போகிறார் என்று பிடிக்கப் போனால், அவர்தான் அவன் மணிக்கட்டைப் பிடித்தார், இழுத்தார், தள்ளாடிக்கொண்டு அவனையும் இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் நுழைந்தார். அவனும் நுழைய வேண்டியிருந்தது. தூசி, பழைய செருப்பு, ரப்பர் வாசனை. “குனி, குனி” என்றார். கையை அவன் பின்தலையில் வைத்து அழுத்தி, தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நெஞ்சு அடித்தது கேட்டது. ஹாலில் வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த ஆளில்லை, அவன்தான் கட்டிலுக்கு அடியில் இருந்தானே.

அதோடாவது விட்டானா? மத்தியானம் அவர் அயர்ந்து தூங்கின பிறகு, அவன் போனை எடுத்து, பழைய அமெரிக்க விமானப் பிரியர்கள் குழுவில் தட்டினான்: ‘என் மாமனார் சிறுவயதில் ரங்கூனில் இருந்தவர். ஞாபகமறதி நோய். ஆனால் எழுபத்தைந்து வருஷம் கழித்தும் லிபரேட்டரையும் ஃபோர்ட்ரஸையும் காதால் பிரித்துச் சொல்கிறார்!’ ஆச்சரியக்குறி போட்டிருந்தான். சொல்கிறார் என்று எழுதியிருந்தான். கும்பிடுகளும் கைதட்டல்களும் வந்தன. ஒரு கோயம்புத்தூர்க்காரர், ‘பொக்கிஷம் சார், அவரைப் பேசச் சொல்லி ரெக்கார்டு பண்ணுங்க’ என்று எழுதினார். அன்று சாயங்காலம் வரைக்கும் அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மூன்று நாள் கழித்து அந்தச் செய்தியை அழித்தான். அழித்தால் அவன் போனில் மட்டும்தான் அழிந்தது.

அதற்கப்புறம் அவன் எதையும் போடவில்லை. போட வேண்டியிருக்கவில்லை. மாமனாருக்கு எல்லாமே அதுவாகிவிட்டது. மிக்ஸி அது, தண்ணி மோட்டார் அது, தெருவில் குப்பை லாரி அது. சொர்ணம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டுப் படுக்கிறாள், அல்லது படுத்திருக்கிறாள் என்று சொல்லலாம், தூங்குவதில்லை. சட்னியை அம்மியில் அரைக்கிறாள். தலைமை ஆசிரியை பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று போன வாரம் சாதாரணமாகச் சொன்னாள், சாம்பாரில் உப்பு போட்டுக்கொண்டே. படப்பை பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறதாம், இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொள்வார்களாம், அங்கே விடச் சொல்லி அவள் அண்ணன் சொல்கிறானாம். அதைச் சொல்லும்போது மட்டும் கரண்டி நின்றது. “தூக்க மாத்திரை குடுத்தே வெச்சிருப்பாங்களாம்ங்க. வாசல்ல போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். உள்ளே போகல.” அவன் அப்போது சொல்ல வாயைத் திறந்தான். எதைச் சொல்வது? நோய் தானாகவே இப்படித் திரும்பியிருக்கலாம். மறதி முற்றினால் பயம் வரும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது, அவன் தேடித் தேடிப் படித்துவிட்டான். ஆக அவன் செய்ததால் இல்லை என்று இருக்கலாம். அவன் செய்ததால் என்றும் இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம். நோய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடமிருந்தது, கட்டிலுக்கு அடியில் இருந்ததைவிட நிறைய இடம்.

மாமனார் எழுந்திருக்க முயன்றார். வேட்டியை இடுப்பில் பிடித்துக்கொண்டார். சொர்ணம் கண்ணைக் காட்டினாள். உலகநாதன் அவரைத் தாங்கிக்கொண்டு தாழ்வாரக் கோடியில் இருந்த கழிப்பறைக்குக் கூட்டிப் போனான். உள்ளே சின்ன எக்ஸாஸ்ட் விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கிழவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உலகநாதன் சுவிட்சைத் தேடி அணைத்தான். விசிறி சுற்றிச் சுற்றி நிற்கும் வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு அவர் உள்ளே போனார். அவன் பின்னால் நின்று வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டான். முடித்துவிட்டுக் கை கழுவும்போது அவர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். இன்றைக்குப் பார்வை தெளிவாக இருந்தது, சில நாள் அப்படி வரும்.

“மாப்பிள்ளே.”

“சொல்லுங்க மாமா.”

“சொர்ணத்துக்கிட்ட சொல்லிடாதீங்க.”

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “எதை மாமா?”

“எனக்குச் சத்தம் கேக்குது.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இல்லாத சத்தம். மேல வர்ற மாதிரி. அவ ஏசிங்கறா, மோட்டார்ங்கறா. அவ பொய் சொல்ல மாட்டா. அப்ப எனக்குத்தான் மூளை கலங்கிப்போச்சு. எங்க சித்தப்பா ஒருத்தர் இப்படித்தான் போனாரு. புத்தி கெட்டு, ரோட்ல.” ஈரக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். “பைத்தியமாப் போறதுக்கு முன்னாடி செத்துரணும் மாப்பிள்ளே. அவ பாக்கக் கூடாது.”

உலகநாதன் கைக்குட்டையை எடுத்து அவர் கையைத் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான். பர்மா பஜாரில் கைக்கடிகாரக் கடை வைத்திருந்த விரல்கள், கடுகளவு ஸ்குருவைப் பிடித்தவை. பயம் என்றுதான் இத்தனை நாளும் அவன் நினைத்திருந்தான். தான் கொடுத்தது பயம். அது போதாதென்று, கேட்ட காதையே சந்தேகப்பட வைத்திருக்கிறான். சரியாகக் கேட்ட காது. அவன் காதைவிடச் சரியாக.

“மாமா, அது இல்லாத சத்தம் இல்லை.”

அவர் பார்த்தார்.

“நம்ம வீட்ல கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சு.”

“உங்களுக்கும் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு மாமா. நான்தான் கம்ப்யூட்டர்ல போட்டேன். அந்த ஏரோப்ளேன் படம்தான்.” கம்ப்யூட்டர், படம் எல்லாம் அவருக்குள் இறங்கியதா என்று தெரியவில்லை. மேலே நிற்காமல் வழிந்துபோயிருக்கும். ஆனால் முதல் பாதி இறங்கியது. அவர் தோள் கீழே இறங்குவதை அவன் கையில் உணர்ந்தான். “உங்களுக்கும் கேட்டுச்சா” என்று இன்னொரு முறை, கேள்வியாக இல்லாமல், சொன்னார். சிரித்தார்கூட. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட அவர் அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போதே பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் நாற்பது வயதுப் பெண், முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். பெரியவரிடம் பேர் கேட்டாள், ஊர் கேட்டாள், அவர் ரங்கூன் என்றார். சொர்ணம் எல்லாவற்றையும் வரிசையாக, வகுப்பில் பாடம் எடுப்பவளின் தெளிவோடு சொன்னாள். டாக்டர் கேட்டுக்கொண்டே வந்து, “திடீர்னு இவ்வளவு மாறியிருக்குன்னா மாத்திரையை மாத்தணும். கொஞ்சம் கனமான மாத்திரைதான். பெரும்பாலும் தூங்கிக்கிட்டே இருப்பாரு, நடை தள்ளாடும். வேற வழியில்லாமத்தான் தர்றது” என்று பேனாவை எடுத்தாள். “இது ஆரம்பிச்ச அன்னைக்கு வீட்ல ஏதாச்சும் நடந்துச்சா? சண்டை, சத்தம், புது ஆள்?”

“இல்லை டாக்டர்.”

“நடந்துச்சு” என்றான் உலகநாதன்.

சொர்ணம் திரும்பினாள். நடுவில் பேசாதீங்க என்றேனே என்கிற முகம்தான் அது, முதலில். அவன் டாக்டரைப் பார்த்துத்தான் சொன்னான், அவளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. யுத்த காலத்து அமெரிக்க விமானத்தின் சத்தத்தைத் தான் வீட்டில் போட்டதாக, அந்த விமானங்கள் குண்டு போட்ட ரங்கூனில் அவர் சின்ன வயதில் இருந்தவர் என்று தனக்குத் தெரியும் என்பதாக, வாக்கியங்கள் வந்தன. சுற்றாமல் வந்தன, அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. “முதல் தடவை தெரியாம” என்று சொல்லி நிறுத்தினான். அங்கேயே நிறுத்திவிடலாம். டாக்டர் தலையசைத்து எழுத ஆரம்பித்துவிட்டாள். “ரெண்டாவது தடவை தெரிஞ்சுதான் போட்டேன்” என்றான்.

ஏசி ஓடியது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தான், திட்டவில்லை. “இதனாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது” என்றாள். கனமான மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், லேசாக ஒன்று தருகிறேன், வீட்டைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள், அவர் பயந்தால் ஒன்றுமில்லை என்று மறுக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். “கொஞ்சம் குறையலாம். முழுசாப் போயிடும்னு நினைச்சுக்காதீங்க.”

மருந்துக் கடை கீழே இருந்தது. மாமனாரைக் கடை வாசல் ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு இருவரும் நின்றார்கள். மாத்திரை எடுக்க ஆள் உள்ளே போனான். சொர்ணம் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், “ரெண்டாவது தடவை எதுக்கு?”

அவனிடம் பல பதில்கள் இருந்தன. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். “கண்டுபிடிப்பாரான்னு பாக்க.”

“கண்டுபிடிச்சாரா?”

“கண்டுபிடிச்சாரு.”

அவள் தலையசைத்தாள், விடைத்தாளில் ஒரு பதிலைத் தாண்டிப் போவது போல. “ரங்கூன்ல அப்பா இருந்தது ரயில் யார்டுக்குப் பக்கத்துல, லைன் வீடு. குழி வெட்டி வெச்சிருந்தாங்க, ப்ளேன் வந்தா போய் ஒளிஞ்சுக்க. அன்னைக்குக் குழி சரிஞ்சுருச்சு. அவரு வெளிய வந்துட்டாரு, அவங்க அம்மா வரல. கையால தோண்டினாராம். ப்ளேன் திரும்பத் திரும்ப வந்துச்சாம், இவரு தோண்டிக்கிட்டே இருந்தாராம். எட்டு வயசு.” ஸ்டூலில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். “கண்டுபிடிக்க மாட்டாரா?”

“நீ எங்கிட்ட சொன்னதே இல்லையே” என்றான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது.

“முப்பது வருஷத்துல நீங்க கேட்டதே இல்லையே. அந்த ப்ளேனுக்கு எத்தனை நட்டு எத்தனை போல்ட்டுன்னு தெரியும் உங்களுக்கு.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். மாத்திரை வந்தது. பையை வாங்கிக்கொண்டாள்.

ஆட்டோவில் மாமனாரை முதலில் ஏற்றினாள், அவரைத் தள்ளி உட்கார வைத்துத் தான் இந்த ஓரம் உட்கார்ந்தாள். அவன் நின்றான். ஏறச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறினான். மாமனார் உற்சாகமாக இருந்தார். முன்னால் குனிந்து டிரைவரின் தோளைத் தட்டினார்.

“தம்பி, எனக்கு ஒண்ணும் இல்லை. டாக்டரே சொல்லிட்டாங்க. எங்க மாப்பிள்ளைக்கும் கேட்டுச்சு.”

“இன்னா கேட்டுச்சு பெருசு?”

“மேல ஒரு சத்தம். எனக்கு மட்டும்னு நினைச்சேன்.” பின்னால் சாய்ந்து, உலகநாதன் பக்கம் திரும்பினார். புருவத்தைச் சுருக்கிக் கொஞ்சம் காது கொடுத்தார். “இப்ப போயிடுச்சில்ல மாப்பிள்ளே?”

கிளினிக்கிலிருந்து வெளியே வந்த பிறகு சொர்ணம் முதன்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“போயிடுச்சு மாமா” என்றான்.

டிரைவர் வண்டியைக் கிளப்பப் போனான். சொர்ணம் அவசரமாகக் கையை நீட்டி, “தம்பி, ஒரு நிமிஷம்” என்று சொல்லி, தன் இரண்டு உள்ளங்கையாலும் அப்பாவின் காதுகளை மூடிக்கொண்டாள். அப்புறம் “எடுப்பா” என்றாள்.